கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம்: தொழிலாளருக்காகப் பேசும் உரிமை யாருக்கு? சங்க அங்கீகாரம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். சிறிய நிறுவனங்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். பஹாங், கேமரன் மலையில் கொழுந்து வெட்டுபவருக்கும் அதே 1,700தான். கோலாலம்பூர் பேரங்காடியில் காப்பி கலக்கிக் கொடுப்பவருக்கும் அதே 1,700தான்.

சரி, அதுக்கு மேல ஒரு வெள்ளி வேண்டும் என்றால்? பத்து வருஷம் வேலை செய்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே சம்பளம் ஏன் என்று கேட்க வேண்டும் என்றால்? மழை அடித்து வேலை நின்ற நாளுக்குக் காசு உண்டா என்று தெரிய வேண்டும் என்றால்? யார் போய்க் கேட்பது, யாரிடம் கேட்பது?

"அதான் சங்கம் இருக்கே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் சங்கம் இருப்பதும், அந்தச் சங்கத்துக்கு முதலாளியோடு உட்கார்ந்து பேசும் உரிமை இருப்பதும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் பலர் தங்களுக்கு உள்ள வழியைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். அதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

சுருக்கமாக

• குறைந்தபட்சச் சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவை சட்டப்படி எல்லாருக்கும் உண்டு. சங்கத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கிடைக்கும்.

• அதற்கு மேலான சம்பள உயர்வு, போனஸ் போன்றவை பெரும்பாலும் கூட்டு ஒப்பந்தம் வழியாக வருகின்றன.

• கூட்டு ஒப்பந்தம் பேச, முதலாளி சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். அங்கீகாரத்துக்குத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினரின் ஆதரவு வேண்டும்.

• இன்று பல தோட்டங்களில் அந்தப் பெரும்பான்மையை முடிவு செய்பவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

• 2024 செப்டம்பர் 15 முதல் சங்கம் அமைக்கும் விதிகள் தளர்ந்துள்ளன.

கேமரன் மலையில் தேயிலை எப்படி வந்தது?

1885-இல் இந்த மலைப்பகுதியை அளந்து குறிப்பெழுதிய வில்லியம் கேமரனின் பெயர்தான் ஊருக்கு நிலைத்தது. 1920-களில் தானா ராத்தாவில் விவசாயச் சோதனை நிலையம் வந்தது. தேயிலை இங்கே நன்றாக வளரும் என்று தெரிந்த பிறகு, 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ நிறுவனத்தைத் தொடங்கினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. ஹாபு, ரிங்லெட், பிரிஞ்சாங், சுங்கை பாலாஸ் பக்கமெல்லாம் மலைச்சரிவுகள் தேயிலைக் காடாக மாறின.

அந்தக் காட்டை வெட்டியவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் பெரும்பகுதியினர் தமிழர்கள். ரப்பர் தோட்டங்களுக்கு வந்ததைப் போலவே கங்காணிகள் வழியாகவும் அரசு உதவியோடும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1938-இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன் பிறகு தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறைத் தொழிலாளர்கள்.

இன்று படம் மாறிவிட்டது. தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். காட்டு வேலையில் வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களை அதிகம் பார்க்கலாம். கையால் கிள்ளிய கொழுந்தைப் பெரும்பாலும் கத்திரியும் இயந்திரமும் வெட்டுகின்றன. இந்த இரண்டு மாற்றங்களும் சங்கக் கேள்வியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை.

கிலோ கணக்குச் சம்பளம் என்றால் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாதா?

உண்டு. இதில் குழப்பம் அதிகம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தோட்டங்களில் நாள் சம்பளமும் இருக்கும், வெட்டிய கொழுந்தின் எடைக்கு ஏற்ற சம்பளமும் இருக்கும். நிலுவையில் எத்தனை கிலோ விழுந்தது, ஈர இலைக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. ஆனால் எந்தக் கணக்கில் கொடுத்தாலும், முழு மாத வேலைக்கு மாதக் கடைசியில் வரும் தொகை 1,700 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது. துண்டு வேலை, டன் கணக்கு, தரகுத் தொகை என்று வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும் என்று குறைந்தபட்சச் சம்பள ஆணையே சொல்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு: ஒருவர் மாதம் முழுக்க வேலைக்கு வந்தார், கிலோ கணக்கில் 1,520 ரிங்கிட்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 180 ரிங்கிட்டை முதலாளி சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொழுந்து குறைவாக வரும் மாதத்தில் "இலை இல்ல, என்ன செய்யறது" என்று கைவிரிக்க முடியாது. நாள் சம்பளம் என்றால், வாரம் ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 65.38 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது.

2013-இல் இந்த முறை தொடங்கியபோது தீபகற்ப மலேசியாவில் தொகை 900 ரிங்கிட். 2022 மே மாதம் 1,500 ஆனது. இப்போது 1,700. ஒவ்வொரு முறையும் தொகையை ஏற்றியது அரசாங்கம். தோட்டத்தில் நடந்த பேச்சுவார்த்தையால் வந்த உயர்வு இல்லை.

சட்டம் வேறு என்னென்ன தருகிறது?

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம்தான் அடிப்படை. 2023 ஜனவரி 1-இல் அதன் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. குடிமகனுக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே சட்டம்தான்.

• வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேர வேலை. முன்பு 48.

• சாதாரண நாளில் ஓவர்டைம் செய்தால் மணிக் கூலியில் ஒன்றரை மடங்கு.

• வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஆண்டுக்கு 11 பொது விடுமுறை.

• ஆண்டு விடுப்பு: இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் 8 நாள், ஐந்து வருடத்துக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள்.

• பிரசவ விடுப்பு 98 நாள். முன்பு 60. தந்தைக்கு 7 நாள்.

• சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம்.

குடியிருப்புக்குத் தனிச் சட்டம் உண்டு. தோட்டத் தொழிலாளரின் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றுக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் வகுத்தது. 2020 ஜூன் முதல் அது தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழிலாளர் விடுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வேலையிட விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு.

இவை எல்லாம் குறைந்தபட்சம். 446-ஆம் சட்டம் வீட்டின் தரத்தைச் சொல்கிறது. வீட்டைச் சொந்தமாக்கித் தரவில்லை. வேலைவாய்ப்புச் சட்டம் ஆண்டு விடுப்பைச் சொல்கிறது. ஆண்டுச் சம்பள உயர்வைச் சொல்லவில்லை. போனஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. அங்கேதான் கூட்டு ஒப்பந்தம் வருகிறது.

சங்கத்தில் சேர்ந்துவிட்டால் போதாதா?

சங்கத்தில் சேர்வது உங்கள் உரிமை. "சேராதே" என்று மிரட்டுவதும், சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவதும், ஓரவஞ்சனை காட்டுவதும் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. ஆனால் ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டதால் மட்டும் முதலாளி சங்கத்தோடு பேச வேண்டிய கட்டாயம் வந்துவிடாது. அதற்கான படிகள் இவை:

முதல் படி, கோரிக்கை. சங்கம் தன்னை அங்கீகரிக்கும்படி முதலாளிக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்புகிறது.

இரண்டாம் படி, பதில். முதலாளி 21 நாளுக்குள் அங்கீகரிக்க வேண்டும், அல்லது ஏன் மறுக்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி, புகார். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, சங்கம் 14 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவின் தலைமை இயக்குநரிடம் தெரிவிக்கலாம்.

நான்காம் படி, எண்ணிக்கை. அந்தச் சங்கம் இந்தத் தொழிலாளர்களுக்குப் பொருத்தமானதா, பெரும்பான்மை ஆதரவு இருக்கிறதா என்று இலாகா பார்க்கிறது. ஆதரவைத் தெரிந்துகொள்ள ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம்.

ஐந்தாம் படி, பேச்சுவார்த்தை. அங்கீகாரம் கிடைத்த பிறகு சங்கம் கூட்டுப் பேச்சுக்கு அழைப்பு விடுக்கலாம். முதலாளி 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒப்புக்கொண்டால் 30 நாளுக்குள் பேச்சைத் தொடங்க வேண்டும். பேச்சு முறிந்தால் இலாகா சமரசம் பேசும். அதிலும் தீராவிட்டால் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள், ரகசியக் கோப்புகளைக் கையாள்பவர்கள், பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் ஆகியோரைச் சாதாரணத் தொழிலாளர்களின் சங்கக் கோரிக்கையில் சேர்க்க முடியாது. தோட்டத்துக் கணக்கில் சொன்னால், துரை ஒரு பக்கம், காட்டு வேலைக்காரர்கள் மறு பக்கம். நடுவில் உள்ள கிராணிகளுக்கும் மற்றத் தோட்ட அலுவலர்களுக்கும் அகில மலாயாத் தோட்ட ஊழியர் சங்கம் என்று தனிச் சங்கமே உண்டு. காட்டு வேலைக்காரர்களுக்கான பெரிய சங்கம் 1954-இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். முதலாளிகள் தரப்பில் தோட்டத் துறைக்காகப் பேசும் அமைப்பு மாப்பா.

கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானால் யாருக்கு லாபம்?

பலர் நினைப்பதுபோல் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் இல்லை. ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடத்துக்கு இருக்க வேண்டும். அதைத் தொழிலியல் நீதிமன்றத்தில் பதிவுக்கு ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு, ஒப்பந்தம் குறிப்பிடும் வேலைகளில் உள்ள எல்லாத் தொழிலாளர்களையும் அது கட்டுப்படுத்தும். பிறகு வேலைக்கு வருபவர்களுக்கும் பொருந்தும். முதலாளி மீறினால் நீதிமன்றத்திலேயே புகார் செய்யலாம்.

வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இது உண்டா? இந்தக் கேள்விக்கு ஒரு முக்கியமான பதில் ரப்பர் பொருள் தயாரிப்புத் துறையிலிருந்து வந்தது. குட்இயர் மலேசியா தொழிற்சாலையில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள், கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள சலுகைகள் தங்களுக்குத் தரப்படவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கும் அந்தச் சலுகைகள் உண்டு என்று 2020-இல் தொழிலியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டயர் தொழிற்சாலை வழக்குதான். ஆனால் தோட்டமோ தொழிற்சாலையோ, கூட்டு ஒப்பந்தத்தைப் பற்றிய சட்டம் ஒன்றுதான். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால் பாஸ்போர்ட்டின் நிறத்தை வைத்து அதைப் பிரிக்க முடியாது.

பிறகு ஏன் தோட்டத்தில் இது கஷ்டம்?

முதல் காரணம், வீடு. நகரத்தில் வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. 60 வயதில் ஓய்வு பெறும்போதும் அதே கேள்விதான்: அடுத்த மாதம் எங்கே போவது? நாற்பது வருடம் வாழ்ந்த வீடு காகிதத்தில் தன்னுடையது இல்லை என்று தெரிந்தவர், பிரட்டுக் களத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க யோசிப்பார். தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீட்டுத் திட்டம் வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகக் குரல் எழுவது வசதிக்காக மட்டும் இல்லை. தைரியமாகப் பேசவும் அது உதவும்.

இரண்டாம் காரணம், பெர்மிட். வெளிநாட்டுத் தொழிலாளரின் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சங்கத்தில் சேர அவருக்கு உரிமை உண்டு. ஆனால் "பெயரைக் கொடுத்தால் பெர்மிட்டைப் புதுப்பிப்பார்களா?" என்ற பயம் இருக்கும்போது உறுப்பினர் பாரத்தில் கையெழுத்து விழாது. சங்கத்தில் பொறுப்புக்கு வர குடியுரிமைக் கட்டுப்பாடும் நீண்ட காலமாக இருந்து வருகிறது.

மூன்றாம் காரணம், மொழி. தோட்டச் சங்கங்கள் தமிழில் வளர்ந்தவை. கூட்டம் தமிழில், துண்டறிக்கை தமிழில், தலைவர் தமிழர். வங்காளியும் நேபாளியும் பேசும் தொழிலாளரிடம் சங்கம் அவர்கள் மொழியில் போகாவிட்டால், பெரும்பான்மை என்ற கணக்கே நடக்காது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். மீதமிருக்கும் தமிழ்த் தொழிலாளரின் சம்பள உயர்வு, பக்கத்து லயத்தில் இருக்கும் வங்கதேசத் தொழிலாளர் சங்கத்துக்கு ஆதரவு தருகிறாரா என்பதைப் பொறுத்திருக்கிறது. "அவங்க வந்துதான் நம்ம சம்பளம் குறைஞ்சது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் சட்டம் ஆதரவை எண்ணும் விதத்தில், அவர்கள் இல்லாமல் நமக்கும் பேச்சுவார்த்தை மேசை கிடையாது.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டும் அவர்கள் கோரிக்கை இல்லை. கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு வேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

போருக்குப் பிறகு சங்கங்கள் மறுபடியும் பெருகின. பல துறைத் தொழிலாளர்களையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கு எஸ்.ஏ. கணபதி தலைவரானார். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. சங்கங்களின் கூட்டமைப்பு ஒரே தொழிலுக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்று சட்டம் மாற்றப்பட்டது. சம்மேளனத்தின் கதை அதோடு முடிந்தது. கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவருடைய சக தலைவர் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த வெற்றிடத்தில், அரசு ஏற்றுக்கொண்ட பாதையில், தோட்டச் சங்கங்கள் பல சேர்ந்து 1954-இல் உருவானதுதான் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் இருந்த பி.பி. நாராயணன் பின்னாளில் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்புக்கும் தலைவரானார். தோட்டத் தொழிலாளரின் தலைவர் உலகத் தொழிற்சங்க மேடையில் தலைமை வகித்தது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒரே மாதிரித் தொழில் என்ற அந்தக் கட்டுப்பாடு 1959-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்திலும் தொடர்ந்தது. 2024 வரை இருந்தது.

2024-இல் என்ன மாறியது?

திருத்தப்பட்ட தொழிற்சங்கச் சட்டம் 2024 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. இனி ஒரு சங்கம் ஒரே தொழில், ஒரே துறை என்ற வேலிக்குள் நிற்க வேண்டியதில்லை. ஓர் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்களும் இருக்கலாம்.

தேயிலைத் தோட்டத்துக்கு இதன் அர்த்தம் என்ன? இன்றைய தோட்டத்தில் காட்டு வேலைக்காரர் மட்டும் இல்லை. இலையை வாட்டி அரைக்கும் ஆலைத் தொழிலாளி இருக்கிறார். பொட்டலம் கட்டுபவர் இருக்கிறார். சுற்றுலாப் பயணிக்குத் தேநீரும் ஸ்கோனும் கொண்டுவந்து வைக்கும் இளைஞர் இருக்கிறார். இவர்கள் எல்லாரும் ஒரே சங்கத்தில் சேர நினைத்தால், பழைய தொழில் வேலி இனி குறுக்கே நிற்காது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இரண்டு மூன்று சங்கங்கள் வந்தால் முதலாளியோடு யார் பேசுவது? அந்தச் சமயத்தில் பேசும் உரிமை ஒரே சங்கத்துக்குத்தான். சங்கங்களுக்குள் உடன்பாடு வராவிட்டால், யாருக்கு அதிக ஆதரவு என்று பார்த்து இலாகா முடிவு செய்யும். சங்கங்கள் பெருகி ஆதரவு சிதறினால் தொழிலாளரின் பலமும் சிதறும் என்று சில தொழிற்சங்கவாதிகள் கவலைப்படுவது இதனால்தான்.

பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்களுக்கும் இதே விதியா?

தோட்டத்திலிருந்து படித்து வெளியே வந்தவர்களில் பலர் இப்போது கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வேலை செய்கிறார்கள். தனியார் பல்கலைக்கழகத்தில் குமாஸ்தாவோ ஆய்வக உதவியாளரோ விரிவுரையாளரோ என்றால், கொழுந்து வெட்டும் தொழிலாளிக்கு உள்ள அதே 1967 சட்டம்தான். அதே 21 நாள், அதே பெரும்பான்மைக் கணக்கு.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு. அரசாங்க, சட்டபூர்வ அமைப்புகளின் ஊழியர்களுக்கு 1967 சட்டத்தின் அங்கீகாரப் பகுதியும் கூட்டுப் பேச்சுப் பகுதியும் பொருந்தாது. சங்கம் வைக்கலாம், ஆனால் சம்பளத்தைக் கூட்டு ஒப்பந்தம் வழியாகப் பேச முடியாது. பொதுச் சேவைச் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் அரசோடு நடத்தும் பேச்சுகள்தான் பெரும்பாலும் வழி. ஒப்பந்த அடிப்படையில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கையெழுத்துப் போடும் விரிவுரையாளருக்கு, ஆண்டுதோறும் பெர்மிட் புதுப்பிக்கும் தொழிலாளரின் தயக்கம் எளிதாகப் புரியும்.

மற்ற மலைகளில் என்ன நடந்தது?

தமிழர்கள் தேயிலை பறிக்கும் இன்னும் இரண்டு மலைகளைப் பார்த்தால் அங்கீகாரக் கேள்வி இன்னும் தெளிவாகும்.

கேரளாவின் மூணாறில் 2015 செப்டம்பரில், கண்ணன் தேவன் தோட்டத்தின் பெண் தொழிலாளர்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் பெண்கள். போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதுதான் உடனடிக் காரணம். அங்கே சங்கங்கள் இல்லாமல் இல்லை. பெரிய கட்சிகளின் சங்கங்கள் எல்லாமே இருந்தன. அந்தச் சங்கத் தலைவர்களையே பெண்கள் கிட்டே சேர்க்கவில்லை. எங்கள் பெயரில் நீங்கள் பேசியது போதும் என்பதுதான் அவர்கள் நிலை. பெம்பிளை ஒருமை என்ற பெயரில் அவர்களே பேசினார்கள். ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 சதவீதம் ஆனது. பிறகு நடந்த பேச்சில் 232 ரூபாயாக இருந்த நாள் சம்பளம் 301 ஆனது. ஆனால் நாளுக்குப் பறிக்க வேண்டிய இலையின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 ஆக ஏறியது.

இலங்கை மலையகத்தில் வேறு கதை. அங்கே கம்பெனிகளும் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தத்தில்தான் சம்பளத்தை முடிவு செய்துவந்தன. நாளுக்கு 1,000 ரூபாய் வேண்டும் என்ற போராட்டம் பல வருடம் நடந்தது. 2021 மார்ச்சில் அரசின் சம்பள நிர்ணயச் சபை வழியாக அந்த 1,000 வந்தது. ஆனால் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகிக்கொண்டன. சம்பளம் ஏறியது, ஒப்பந்தத்தின் பாதுகாப்பு போனது. நாளுக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகம் ஏற்றிவிடுகிறது என்று தொழிலாளர்கள் புகார் சொன்னார்கள்.

மூணாற்றில் சங்கம் இருந்தும் நம்பிக்கை இல்லை. மலையகத்தில் அரசு தொகையை ஏற்றியும் வேலையின் அளவைப் பற்றிப் பேச மேசை இல்லை. கேமரன் மலைக்கும் இது பொருந்தும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700-இலிருந்து இன்னும் ஏறலாம். அதற்கு ஈடாகக் கிலோ அளவையும் ஏற்றினால் கேட்பதற்கு, தொழிலாளர்கள் நம்பும் ஒரு சங்கம் மேசையில் இருக்க வேண்டும்.

உங்கள் குடும்பத்தில் யாராவது தோட்டத்தில் வேலை செய்கிறார்களா?

படித்த பிள்ளையால் செய்யக்கூடிய சில உதவிகள் இவை.

• சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். முழு மாதம் வேலை செய்தும் அடிப்படைத் தொகை 1,700-க்குக் கீழே இருந்தால், தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சங்க உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

• வேலை நாள், கிலோ, ஓவர்டைம் மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் சரி. தகராறு வந்தால் அதுதான் ஆதாரம்.

• நியாயமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால், 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். இதற்கும் சங்கம் கட்டாயமில்லை. "பார்ப்போம், பார்ப்போம்" என்று நாளைக் கடத்தினால் உரிமை போய்விடும்.

• ஆட்குறைப்பு என்றால் இழப்பீடு உண்டு: முதல் இரண்டு வருடத்துக்குள் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்து வருடத்துக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். இயந்திரம் வருவதால் ஆள் குறையும் தோட்டத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

• தோட்டத்தில் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறதா, எந்தச் சங்கம் கையெழுத்திட்டது, எந்த ஆண்டு முடிகிறது என்று விசாரியுங்கள். ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து தமிழில் படித்துச் சொல்லுங்கள்.

• பக்கத்து வீட்டு வெளிநாட்டுத் தொழிலாளர் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னால், அது சட்ட விரோதம் என்று அவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

புதிதாகச் சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்துப் போதும். பேச்சுவார்த்தை மேசைக்குப் போகத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் ஆதரவு வேண்டும். அந்த ஏழுக்கும் பெரும்பான்மைக்கும் நடுவில் இருக்கும் வேலை, லயம் லயமாகப் போய், அவரவர் மொழியில் பேசுவது. 1,700 ரிங்கிட்டைப் புத்ராஜெயா அறிவித்தது. அதற்கு மேல் வர வேண்டியதை ஒவ்வொரு தோட்டத்திலும் அங்கே வேலை செய்பவர்கள்தான் சேர்ந்து கேட்க வேண்டியிருக்கும்.